இடைவெளி எங்கே தொடங்குகிறது? பௌதிகவியலும் மாணவியரும்

க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவினரும் உயிரியல் பிரிவினரும் பௌதிகவியலைப் படிப்பதால், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நடக்கும் ஒரு மாலைநேர வகுப்பில், பொறியியலாளராக விரும்பும் மாணவனும் வைத்தியராக விரும்பும் மாணவியும் ஒரே கரும்பலகையைப் பார்த்தே நியூட்டனின் விதிகளை எழுதிக்கொள்கின்றனர். இலங்கையின் பொறியியல் பீடங்களில் மாணவரும் மருத்துவ பீடங்களில் மாணவியரும் பெரும்பான்மையாக இருப்பதைக் காட்டி, பெண்பிள்ளைக்குப் பௌதிகவியல் சரிவராது என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளையும் பௌதிகவியலில் நல்ல பெறுபேறு எடுத்தே மருத்துவ பீடத்துக்குப் போனாள் என்பது அவ்வேளையில் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ஆனாலும் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1992 இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டெனஸும் அவரது குழுவினரும் விசை பற்றிய அடிப்படை விளக்கத்தை அளக்கும் ஒரு பல்தேர்வுச் சோதனையை வெளியிட்டனர். சூத்திரத்தில் எண்களைப் பிரதியிட்டு அதில் தப்பிவிட முடியாது. மேல்நோக்கி எறியப்பட்ட பந்து கையை விட்டு நீங்கிய பின், வளித்தடையைப் புறக்கணித்தால், அதன்மீது தாக்குவது புவியீர்ப்பு மட்டுமே. கை கொடுத்த விசை இன்னும் பந்தோடு போகிறது என்று எண்ணுபவர் தவறான விடையைத் தெரிவு செய்வார். இத்தகைய சோதனை முடிவுகளைத் தொகுத்து 2013 இல் வெளிவந்த ஆய்வொன்றில், பல்கலைக்கழகப் பாடம் தொடங்குமுன் ஆண்களின் சராசரி பெண்களுடையதைவிட ஏறத்தாழ 13 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகவும், பாடம் முடிந்த பின் 12 புள்ளிகள் கூடுதலாகவும் இருந்தது. ஆக, இடைவெளியின் பெரும்பகுதி முதல் விரிவுரைக்கு முன்னரே உருவாகிவிட்டது. விரிவுரைகள் அதை அநேகமாக அப்படியே விட்டுவைத்தன.

அது எங்கே உருவாகியது என்று தேடினால் முதலில் அச்சோதனையின் வினாக்களே கண்ணில் படுகின்றன. பனிக்கட்டியில் வழுக்கும் ஹொக்கி வட்டு, பீரங்கிக் குண்டு, விண்கலம் ஆகியவற்றைச் சுற்றியே அவற்றில் பல அமைந்துள்ளன. (ஹொக்கி வட்டை மட்டக்களப்பில் ஆணும் கண்டதில்லை, பெண்ணும் கண்டதில்லை.) பௌதிகவியலை மாற்றாமல் பொருள்களையும் சூழலையும் மட்டும் மாற்றிக் கேட்டபோது, சில வினாக்களுக்கு ஆண்களும் பெண்களும் விடையளித்த விதம் மாறியது. மைதானத்தில் பந்தெறிந்தும் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியும் வளரும் பையனுக்கு இவ்வினாக்களின் உலகம் பழக்கமானது. எனினும் பழக்கத்தை அறிவாகக் கொள்வது பிழை: மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுவதைத் தினமும் காண்பவனே, விசை இல்லாவிட்டால் இயக்கம் இல்லை என்ற பழைய தவறில் உறுதியாக நிற்கிறான். உராய்வை அவன் கணக்கில் எடுப்பதில்லை.

நமது சித்திரைப் புத்தாண்டு ஊஞ்சலில் இருந்தும் வினா எழுப்பலாம். 3 மீற்றர் நீளக் கயிற்றில், சிறிய வீச்சில் ஆடும் ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 3.5 செக்கன் எடுக்கும். ஒருத்தி அமர்ந்தாலும் இருவர் அமர்ந்தாலும் அந்த நேரம் அநேகமாக மாறாது, ஏனெனில் அலைவுகாலம் திணிவில் தங்கியிருப்பதில்லை. இதைப் பாடநூலில் படிக்குமுன்பே உடலால் உணர்ந்த மாணவியர் இங்கு ஏராளம். அந்த அனுபவத்தை வகுப்பில் எவரும் கேட்பதில்லை என்பதே குறை.

பிறவித் திறமையே காரணம் என்றால் இடைவெளி எங்கும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து பலர் தொழில் தேடிப் போகும் வளைகுடா நாடுகளான சவூதி அரேபியா, ஓமான், பஹ்ரைன் ஆகியவற்றில், 2015 ஆம் ஆண்டின் சர்வதேசக் கணித, விஞ்ஞான மதிப்பீட்டில் எட்டாம் தரச் சிறுமியரே விஞ்ஞானத்தில் முன்னிலை பெற்றனர்.

கற்பிக்கும் முறையால் இடைவெளி குறையுமா என்ற வினாவுக்கு நேரான விடை இன்னும் கிடைக்கவில்லை. விரிவுரையை இடையில் நிறுத்தி மாணவரை ஒருவரோடொருவர் விவாதிக்கச் செய்த ஹாவர்ட் பல்கலைக்கழக வகுப்புகளில் இடைவெளி மறைந்ததாக அங்குள்ள ஆய்வாளர்கள் 2006 இல் எழுதினர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ அதே முறைகளைக் கையாண்டும் தம்மிடம் அது மறையவில்லை என்றனர். விவாதம் நடப்பது மட்டும் போதாது, அதில் யாருடைய கை எதைத் தொடுகிறது என்பதும் முக்கியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் 2020 ஆம் ஆண்டு ஆய்வில், மாணவர் தாமாகவே வேலையைப் பிரித்துக்கொண்ட செய்முறை வகுப்புகளில், எவரும் பணிக்காமலே உபகரணங்களைக் கையாளும் நேரம் ஆண்களுக்கும் கணினியில் பதியும் நேரம் பெண்களுக்கும் கூடியிருந்தது.

நமது கலவன் பாடசாலை ஆய்வுகூடங்களிலும் சிறு நீளங்களை நுணுக்கமாக அளக்கும் வேணியர் இடுக்கியை ஒருவன் பிடிக்க, அழகான கையெழுத்துக்காரி என்று ஒருத்தியிடம் அப்பியாசக் கொப்பி போய்ச் சேர்கிறது. உயர்தரப் பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களோ பெரும்பாலும் செய்முறைகளில் இருந்தே வருகின்றன: பூச்சிய வழுவை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழையை) எப்படிக் கண்டறிவாய், வாசிப்பை ஏன் மீண்டும் எடுத்தாய் என்று அவை கேட்கும்போது, கொப்பியை மட்டும் பிடித்திருந்தவள் பிறர் சொல்லி எழுதியதை நினைவுகூர வேண்டியிருக்கிறது.