பஸ் டிரைவர் என்றால் பேருந்து ஓட்டுநரா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பற்றிய தமிழாக்கம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கணினியில் 'பஸ்' என்பது பல சாதனங்களை இணைக்கும் பொதுவான கம்பித் தொகுதி, 'பஸ் டிரைவர்' அதைக் கையாளும் நிரல். "பேருந்து ஓட்டுநர் சாதனங்களைக் கண்டறிவார்" என்ற வரி மறுபடியும் வந்து நின்றது. எத்தனை முறை திருத்துவது?

லத்தீனில் 'ஓம்னிபஸ்' என்றால் 'எல்லாருக்கும்'. 1820களில் பிரான்சில் யாரும் ஏறிப் போகக்கூடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. நம் 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் மிஞ்சினால் எப்படியோ, அப்படி அதன் வால் மட்டும் தங்கி 'பஸ்' ஆயிற்று. பல மின்சுற்றுகளுக்குப் பொதுவான தடித்த செம்புப் பட்டைக்கும் அதே பெயர். கணினிக்குச் சொல் வந்தது அந்தப் பட்டையிலிருந்து.

ஆங்கிலத்திலும் வண்டிக்கும் கணினிக்கும் ஒரே சொல்தானே என்பார்கள். சரி, ஆனால் அங்கே இரண்டுக்கும் அடியில் இருப்பது 'எல்லாருக்கும்' என்ற பொருள். 'பேருந்து' என்ற சொல்லில் அது இல்லை. பெரிய உந்து, அதாவது ஓடும் வண்டி. வன்பொருளில் பஸ் ஓடுவதில்லை. கம்பிகள் கிடந்த இடத்தில் கிடக்கின்றன, அவற்றின் மேல் குறிகைகள் (சிக்னல்கள்) போகின்றன. 'ஓட்டுநர்' அதைவிட மோசம். 'நர்' ஆளைக் குறிக்கும் விகுதி. நிரலுக்கு 'கண்டறிவார்' என்று மரியாதைப் பன்மை வந்தது அதனால்தான். தூக்கி, குளிரூட்டி என்பதுபோல 'இயக்கி' என்று இகர விகுதியோடு நல்ல சொல் இருக்கிறதே!

பஸ்ஸுக்குப் 'பாட்டை' ஏற்கெனவே புழங்குகிறது. பலரும் நடக்கும் வழி, பொருள் கச்சிதம். 'தடம்' என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அது சுற்றுப்பலகையில் ஓடும் ஒற்றைச் செம்புக் கோட்டுக்கு வேண்டும். பாட்டையில் ஒரே சிக்கல்: 'பாட்டை இயக்கி' என்று பிரித்தெழுதினால் பாடலை ஒலிக்கவிட்டு என்றும் படிக்கலாம். ஆகவே சேர்த்து, 'பாட்டையியக்கி' என்றே எழுதுங்கள்.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்த நிரல் என்ன செய்கிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும். கணினியில் கூடுதல் அட்டைகளை இணைக்கும் பிசிஐ வகைப் பாட்டை ஒன்றில் 32 சாதன எண்கள். பாட்டையியக்கி ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் எண்ணைப் படிக்கிறது. அதன் 16 பிட்டும் 1 என்றே வந்தால் அங்கே யாரும் இல்லை. ஆள் இருந்தால், பதிவான சாதன இயக்கிகளில் எது பொருந்தும் என்று பார்த்து அதனிடம் ஒப்படைக்கிறது. ஐ2சி என்ற இன்னொரு வகைப் பாட்டையில் இப்படிக் கேட்டறிய வழி கிடையாது. இரண்டே கம்பி, 7 பிட் முகவரி. எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இதில் வண்டி எங்கே, ஓட்டுகிறவர் எங்கே?

அந்த வரியை இப்படி மாற்றினேன்: "பாட்டையியக்கி தன் பாட்டையில் உள்ள சாதனங்களைக் கண்டறிகிறது."