போர்டிங் ஸ்கூல்: எது சரியான தமிழ்?

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வரலாற்றைத் தமிழாக்கும் கட்டுரைகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: "அமெரிக்க வாரியம் ஆண்களுக்கான வாரியப் பள்ளியைத் திறந்தது." முதல் வாரியம் சரி. இரண்டாவது வாரியம் முழுப் பிழை. மூலத்தில் 'அமெரிக்கன் போர்டு', 'போர்டிங் ஸ்கூல்' என்று இரண்டு இடத்திலும் 'போர்டு' என்ற ஒலி இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே சொல்லால் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். படிக்கும் மாணவனுக்கு என்ன விளங்கும்? ஏதோ ஒரு குழு நடத்திய பள்ளி என்றுதான் விளங்கும். பிள்ளைகள் அங்கேயே உண்டு, உறங்கி, வளர்ந்தார்கள் என்ற செய்தி அவனிடம் போய்ச் சேரவே சேராது.

சொல்லின் பிறப்பு எளியது. ஆங்கிலத்தில் 'போர்டு' முதலில் மரப்பலகை. பலகையால் ஆனது மேசை. மேசையில் வைப்பது சோறு. ஆகவே 'போர்டு' என்றால் நாள்தோறும் கிடைக்கும் சாப்பாடு என்று ஆயிற்று. 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று நம் ஊர் ஓட்டல் பலகைகளில் இன்றும் இருப்பது அதுதான், உணவும் தங்கலும். அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் 'போர்டு' ஆனார்கள். அந்தப் பொருளுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே அருமையான சொல் கிடைத்திருக்கிறது. 1810இல் அமெரிக்காவில் அமைந்த அயல்நாட்டு மிஷன் போர்டை வாரியம் என்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு நடத்திய 'போர்டு ஹைஸ்கூல்'களை வாரியப் பள்ளி என்றாலும் பொருந்தும். போர்டு ஸ்கூல் வேறு, போர்டிங் ஸ்கூல் வேறு. முன்னதில் பையன் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவான்.

வாரியப் பள்ளியை ஒதுக்குவது எளிது. உண்மையான போட்டி 'விடுதிப் பள்ளி'யுடன்தான். நல்ல எழுத்தாளர்களும் இதைக் கையாளுகிறார்கள், இலங்கை வழக்கில் இது ஊன்றியே இருக்கிறது, 'விடுதி மாணவர்' என்று பள்ளி மலர்களில் சாதாரணமாக எழுதுகிறார்கள். அந்த வழக்கை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் சொல் போதாது என்றே சொல்வேன். விடுதி என்பது 'விடு' என்னும் வினையிலிருந்து வந்தது. வழிப்போக்கர் பயணத்தை விட்டு இறங்கித் தங்கும் இடம். தங்கும் விடுதி, மகளிர் விடுதி, மாணவர் விடுதி என்று இன்று எங்கும் அது தங்குமிடத்தைத்தான் முதலில் காட்டுகிறது. உணவைச் சொல்ல வேண்டுமானால் 'உணவு விடுதி' என்று தனியே அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. மேலும் ஹாஸ்டல் என்பதற்கும் நாம் விடுதி என்கிறோம். ஒரு பள்ளியில் படித்துக்கொண்டு வேறொரு தெருவில் உள்ள விடுதியில் தங்கும் பையனுக்கும், பள்ளியே வீடாக இருக்கும் பையனுக்கும் உள்ள வேறுபாடு இதில் அழிந்துபோகிறது. முன்னவனுக்கு வகுப்பு முடிந்தபின் பள்ளி கிடையாது. பின்னவனுக்கு எழுவது முதல் உறங்குவது வரை எல்லாமே பள்ளிதான்.

குடியேற்றக் காலப் பள்ளிகளைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு வெறும் அகராதிச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. வரலாறே அதில்தான் இருக்கிறது. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டார்கள். பிறகு உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய். ஊர்ப் பள்ளிகளில் பகலில் படித்த பையன் மாலையில் வீட்டுக்குத் திரும்பியதும் திருநீறு பூசிக் கோயிலுக்குப் போனான். அவனை வீட்டிலிருந்து பிரித்துத் தங்களோடு வைத்துக்கொண்டால்தான் தங்கள் நோக்கம் நிறைவேறும் என்று அவர்கள் எண்ணினார்கள். போர்டிங் ஸ்கூல் பிறந்த காரணம் அது.

பெற்றோர் எதற்குத் தயங்கினார்கள் தெரியுமா? பிள்ளை வேறிடத்தில் படுத்து உறங்குவதைவிட அவன் அங்கே உண்பதுதான் அவர்களை உறுத்தியது. சைவ வேளாளக் குடும்பங்கள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தம் பிள்ளைகள் தொடுவதற்கு இசையவில்லை. யார் சமைப்பது, எந்த இடத்தில் வைத்து உண்பது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றும் வழக்காயிற்று. கடைசியில் மிஷன் வளவுக்கு வெளியே தனிச் சமையலறை அமைத்து, அவர்கள் ஏற்கும் சாதியைச் சேர்ந்தவரைச் சமைக்க வைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்க முடிந்தது. அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை அமெரிக்காவில் இருந்த கொடையாளர்கள் ஏற்றார்கள். அதற்கு ஈடாகப் பையனுக்குக் கொடையாளரின் பெயரைச் சூட்டினார்கள். சோறு போட்டவர் பெயரே பிள்ளையின் பெயராகிவிட்ட ஒரு நிறுவனத்தை, சோற்றைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லாத சொல்லால் எப்படிக் குறிப்பது?

தரங்கம்பாடியிலும் இதே கதைதான். 1620 முதல் டேனிஷ்காரர் கையில் இருந்த அந்தத் துறைமுகத்துக்கு 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துப் படிக்க வைத்த பள்ளியை அங்கே நடத்தினார். அவர் பயின்று வந்த, ஜெர்மனியின் ஹாலே நகரத்து நிறுவனங்களில் ஏழை மாணவருக்குத் தந்த சாப்பாட்டுக்கு 'இலவச மேசை' என்றுதான் பெயர். அங்கும் மேசை என்றால் உணவுதான்.

அடுத்து 'உறைவிடப் பள்ளி'. பத்திரிகைகளுக்குப் பிடித்த சொல் இது. விடுதியைவிட மேல், நிலையாக உறைவதைச் சொல்கிறது. ஆனால் 'பள்ளி' என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், பள்ளியெழுச்சி எல்லாம் படுக்கையைச் சொல்பவை. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளி. அவற்றுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். துறவியர் தங்கிய இடத்தில் பிள்ளைகள் எழுத்துக் கற்றதால்தான் கல்விக்கூடம் பள்ளி ஆயிற்று என்று சொல்வார்கள். உறைதல் ஏற்கெனவே பள்ளிக்குள் படுத்திருக்கிறது. அதற்கு முன்னால் மறுபடியும் உறைவிடத்தைச் சேர்த்துவிட்டு, இல்லாத உணவை இல்லாமலே விட்டுவிடுகிறோம்.

நமக்கு வேண்டிய சொல் எங்கோ தேட வேண்டிய சொல்லாக இல்லை. 'அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி' என்று தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களில் பலகை வைத்தே எழுதியிருக்கிறார்கள். எந்த அலுவலர் எழுதினாரோ, அவர் ஆங்கிலச் சொல்லின் வேரைப் பிடித்துவிட்டார். "உண்டியும் உடையும் உறையுளும்" என்று மணிமேகலை வரிசைப்படுத்தும்போதும் உண்டி முதலில்தான் நிற்கிறது. இதற்கு இரண்டு மறுப்புகள் கேட்டிருக்கிறேன். 'உண்டு' என்றால் 'இருக்கிறது' என்றும் பொருள்படுமே என்பது ஒன்று. உண்டு உறங்கினான், உண்டு களித்தான் என்று படிக்கும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லை. இங்கு மட்டும் எப்படி வரும்? இரண்டாவது மறுப்பு எனக்குக் கோபமூட்டுவது: அது ஏழைகளின் பள்ளிக்கான பெயராம், ஊட்டியில் இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிக்குப் பொருந்தாதாம். உண்பதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று எந்தத் தமிழ் மரபு கற்றுக்கொடுத்தது? இங்கிலாந்தின் மிகப் பழைய, மிகச் செல்வமான பள்ளிகளையும் 'போர்டிங் ஸ்கூல்' என்று சாப்பாட்டு மேசையை வைத்துத்தான் அழைக்கிறார்கள்.

இந்த மொழிபெயர்ப்புகளில் வேறு பிழைகளும் உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியை, பாதிரிமாரை உருவாக்கும் இடம் என்று பொருள்படும் 'குருமடம்' என்று எழுதிவிடுகிறார்கள். மிஷனரிகள் திட்டமிட்டது ஒரு கல்லூரி. அங்கே தமிழும் ஆங்கிலமும் வடமொழியும் கணிதமும் வானியலும் கற்பித்தார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையைக் குருமட மாணவர் என்பது எவ்வளவு பெரிய திரிபு! அதேபோல் ஐரோப்பியர் அயல்நாட்டில் அமைத்த 'செட்டில்மென்ட்' என்பதை ஒருவர் தீர்வு என்கிறார், ஒருவர் குடியிருப்பு என்கிறார். குடியேற்றம் என்பதே சரி. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் இருக்கும்வரை இவை தொடரும். ஒரு சொல் எந்த ஆண்டில், யார் வாயில் வந்தது என்று பார்க்க ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம்தான் மொழிபெயர்ப்பாளரின் வேலை.

நீளம் கருதுவோருக்கு 'உண்டுறை பள்ளி' என்று சுருக்கிப் பரிந்துரைக்கிறேன். வட்டுக்கோட்டை வகைப் பள்ளிகளை 'ஆண்பிள்ளைகள் உண்டுறை பள்ளி' எனலாம்; 1824இல் உடுவிலில் தொடங்கியதைப் 'பெண்பிள்ளைகள் உண்டுறை பள்ளி' எனலாம். மெய்ப்புத் திருத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் 'ப்' போட்டுவிடாதீர்கள். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'உண்டு உறைவிடப் பள்ளி' என்று முழுதாக எழுதும்போது மட்டும் 'ப்' வரும்.