18 வயதானபின் எங்கே தங்குவது? வீடில்லா இளையோருக்கு உள்ள வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடு அப்பா அம்மாவின் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அதற்கப்புறம் சித்தப்பா வீட்டில் கொஞ்ச நாள், கூட்டாளியின் அறையில் கொஞ்ச நாள் என்று அலையும் பிள்ளைகள் உண்டு. ஆதரவு இல்லங்களில் வளர்ந்து வெளியே வருகிறவர்களுக்கும் இதே பாடுதான்.

சட்டம் முதலில் பார்ப்பது வயதைத்தான். 18க்குக் கீழ் என்றால் 2001 சிறார் சட்டப்படி சமூகநல இலாகா பொறுப்பெடுத்து, பாதுகாப்பான இடத்தில் சேர்க்கலாம். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, 24 மணி நேரமும் இயங்கும். பக்கத்து வீட்டுக்காரரோ ஆசிரியரோ யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

18 தாண்டிவிட்டால் வழி குறுகிவிடுகிறது. 1977 ஆதரவற்றோர் சட்டத்தின்கீழ், மாஜிஸ்திரேட் உத்தரவில் ஒருவரை அரசு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை தங்கவைக்கலாம். உழைக்கத் தெம்புள்ள பையனுக்கு அது ஏற்ற இடம் என்று நான் சொல்லமாட்டேன். 2011இல் கோலாலம்பூரில் தொடங்கிய அஞ்சுங் சிங்கா தற்காலிகத் தங்குமிடம். வேலை தேடவும் உதவுவார்கள். ஆனால் அங்கேயே நெடுநாள் தங்க முடியாது.

கைகொடுத்து மேலே தூக்கிவிடும் வீடு என்று பார்த்தால், தங்குவிடுதியோடு கூடிய அரசு தொழிற்பயிற்சிக் கழகங்கள்தான் என் கண்ணுக்குப் படுகின்றன. ஈப்போவிலேயே அப்படி ஒரு கழகம் இருக்கிறது. படுக்க இடம், பகலில் பட்டறை, முடிவில் எஸ்கேஎம் என்னும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ். இல்லத்தில் இருக்கும் பிள்ளை 17 வயதிலேயே விண்ணப்பத்தைத் தயார் செய்யட்டும். 18 பிறந்தபின் ஓடினால் இடைப்பட்ட மாதங்களில் தங்க இடம் இருக்காது.

பயிற்சி முடிந்து வேலையும் கிடைத்துவிட்டது, சரி. குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 400 வெள்ளி வாடகையில் ஒரு சிறிய வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று வழக்கமாகக் கேட்பார்கள். சாவி வாங்கவே 1,400 வெள்ளி! முதல் சம்பளமே வராதவன் எங்கே போவான்? ஆரம்பத்தில் நாலு பேர் சேர்ந்து எடுப்பது, அல்லது தங்குமிடம் தரும் முதலாளியிடம் சேர்வது நல்லது. பிபிஆர் என்னும் அரசின் மலிவு வீட்டு வாடகை 124 வெள்ளிதான், ஆனால் தனியாளுக்குச் சுலபத்தில் கிடைக்காது.

இதற்கெல்லாம் முன்னால் பத்திரங்கள். இல்லத்தைவிட்டுக் கிளம்பும்போது பிறப்புப் பத்திரம், மைகார்டு (அடையாள அட்டை), பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் அசலாகக் கேட்டு வாங்குங்கள். நகல் போதாது. பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். தேசியப் பதிவிலாகாவில் தாமதப் பதிவு வருடக்கணக்கில் இழுக்கும் என்பதால், அவர்கள் விஷயத்தில் 17 வரை காத்திருக்கக் கூடாது.

அப்பாவோ அம்மாவோ சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டி வந்து இறந்திருந்தால், நிபந்தனைக்கு உட்பட்டு, திருமணமாகாத பிள்ளைக்கு 21 வயது வரை வாரிசு ஓய்வூதியம் உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. பெற்றோரின் பழைய சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.