பீடிக்கு நெல்லிக்காய் பரிகாரம் ஆகுமா?

போன வருஷம் ஐப்பசி மழையில் நனைந்தபடி ஒரு அண்ணாச்சி என் கிளினிக்குக்கு வந்தார். வயது ஐம்பத்தெட்டு. அரிசி ஆலையில் மூட்டை ஏற்றி இறக்கிய உடம்பு. உட்கார்ந்ததும் மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். பழைய மருந்துச் சீட்டுகள், ஒரு எக்ஸ்ரே, பாதி தீர்ந்த இன்ஹேலர், கூடவே ஆரஞ்சு நிற மூடி போட்ட ஒரு கேப்சூல் டப்பா.

"நெல்லிக்கா தெனமும் ரெண்டு திங்கேன் டாக்டரம்மா. காலைல கேரட் ஜூஸ். இந்த மாத்திரையும் ரெண்டு வேள போடுதேன். பெறவும் ஏன் மூச்சு வாங்குது?"

"பீடி எத்தனை அண்ணாச்சி?"

"ரொம்பக் கொறச்சாச்சு. எட்டுதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "இவுக சொல்றது வீட்டுல குடிக்கறது" என்றார்.

நான் நுரையீரல் மருத்துவர். திருநெல்வேலிப் பக்கம் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவருகிறேன். இந்தப் பேச்சை வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். புகையை நிறுத்த முடியாதவர்கள், அதற்கு ஈடாக வேறு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பு உண்மையானது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பழமும் கீரையும் புகைபிடிப்பவர் நுரையீரலுக்கு உதவுகின்றனவா? ஓரளவு உதவுகின்றன. அதே சத்தை மாத்திரையாக விழுங்கினால்? அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

வாழைப்பூ நறுக்கும்போது நம் வீடுகளில் மோர் கலந்த தண்ணீரில் போடுவோம். இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். அந்தக் கறுப்புதான் ஆக்சிஜனேற்றம். புகை நம் நுரையீரலுக்குள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை, ஆனால் பல மடங்கு வேகத்தில். ஒரு இழுப்புப் புகையில் இருக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைக் கணக்கிட்டவர்கள், 1 போட்டு அதன் பின்னால் பதினான்கு, பதினைந்து பூஜ்யம் எழுதுகிறார்கள். இவை நிலையில்லாத மூலக்கூறுகள். அடுத்த மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு, தொட்டதையெல்லாம் கெடுத்துக்கொண்டே போகும்.

நுரையீரலின் உள்சுவரில் இதற்கு ஒரு காவல் இருக்கிறது. குளூட்டாதயோன், வைட்டமின் சி போன்றவை கலந்த ஒரு மெல்லிய நீர்ப்படலம். கீரை, பழங்களிலிருந்து வரும் வைட்டமின் சி, ஈ, கரோட்டின்கள், பாலிஃபீனால்கள் எல்லாம் இந்தக் காவலுக்குத்தான் ஆள் சேர்க்கின்றன. புகைபிடிப்பவர் உடம்பில் வைட்டமின் சி சீக்கிரம் செலவாகிவிடும். அதனால் அமெரிக்காவில் சத்துணவு அளவுகளை வகுக்கும் குழு, புகைப்பவருக்கு மற்றவர்களைவிட நாளுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்று 2000-இல் சொன்னது. நம் கொய்யாப்பழம் 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. நெல்லிக்காயும் அதற்குக் குறைந்ததில்லை. ஆக, அண்ணாச்சி தின்ற இரண்டு நெல்லிக்காய் வீண் இல்லை. அந்தப் பற்றாக்குறையைத் தாராளமாக நிரப்பிவிடும்.

ஆனால் புகையின் வேலை அந்தப் பற்றாக்குறையோடு முடிவதில்லை. புகை பட்டதும் வெள்ளை அணுக்கள் நுரையீரலுக்குள் கூட்டமாக வந்து, எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. நுரையீரல் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கக் காரணமான எலாஸ்டின் இழைகளை அரிக்கும் நொதி அது. அதை அடக்க ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் நம் இரத்தத்திலேயே இருக்கிறது. புகையின் ஆக்சிஜனேற்றம் அந்தப் புரதத்தில் சரியாக வேலை செய்யும் இடத்தைப் பார்த்துக் கெடுத்துவிடுகிறது. அரிப்பவன் பெருகுகிறான், தடுப்பவன் முடங்குகிறான். காற்றுப் பைகளின் நடுச்சுவர்கள் ஒவ்வொன்றாக இடிந்து, சின்னச் சின்ன அறைகள் ஒரே பெரிய கூடமாகிவிடுகின்றன. எம்ஃபிஸீமா என்பது இதுதான். கறுத்துப்போன வாழைப்பூவை அப்புறம் எத்தனை மோரில் போட்டாலும் வெளுக்காது. இடிந்த காற்றுப் பையும் அப்படித்தான்.

சரி, காய்கறி பழம் சாப்பிட்டவர்களுக்கு உண்மையில் என்ன ஆயிற்று? ஸ்வீடனில் 44,335 ஆண்களைச் சுமார் பதின்மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. தினமும் ஐந்து பங்குக்கு மேல் (ஒரு பங்கு என்பது ஒருமுறை பரிமாறும் அளவு) காய்கறி பழம் சாப்பிட்டவர்களுக்கு, இரண்டு பங்குக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 35 சதவீதம் குறைவாக வந்தது. புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் அதிகம், 40 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. நன்றாகக் காய்கறி சாப்பிட்ட, ஒருநாளும் புகைக்காத ஒருவரை, காய்கறி குறைவாகச் சாப்பிட்டுப் புகைத்துக்கொண்டிருந்தவரோடு ஒப்பிட்டால், பின்னவருக்கு நோய் வரும் வாய்ப்பு பதின்மூன்றரை மடங்கு. புகையை விட்டுவிட்டு, ஆனால் காய்கறி குறைவாகவே சாப்பிட்டவருக்கு ஆறு மடங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய சுமை எது என்று தெரியும். அதோடு, இது யாருக்கும் எதையும் கொடுத்துச் சோதிக்காமல், அவரவர் பழக்கத்தைக் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வு. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்கள் வேறு விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதே வருஷம் இன்னொரு ஆய்வு வந்தது. ஜெர்மனி, நார்வே, பிரிட்டன் நாடுகளைச் சேர்ந்த அறுநூற்றுச் சொச்சம் பேரின் மூச்சுத்திறனைப் பத்து வருஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்தார்கள். புகையை விட்டவர்களில், தக்காளியும் பழமும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மூச்சுத்திறன் தேய்வது பத்து வருஷத்தில் 80 மில்லி அளவுக்குக் குறைந்திருந்தது. இந்த 80-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது அந்த ஆரஞ்சு மூடி டப்பாவுக்கு வருவோம். சீட்டிலே எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. மெடிக்கல் கடையில் "நுரையீரலுக்கு ஏதாவது சத்து மாத்திரை" என்று கேட்டு வாங்கியது. பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பீட்டா கரோட்டின், அதாவது கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள், 10 மில்லிகிராம். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம்.

எனக்குத் திக்கென்றது. மிகச் சரியாக இதே அளவைத்தான் பின்லாந்தில் கொடுத்துப் பார்த்தார்கள்.

1985-இல் தொடங்கிய ஆய்வு அது. ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரையிலான 29,133 ஆண்கள், அத்தனை பேரும் சிகரெட் பிடிப்பவர்கள். பீட்டா கரோட்டின் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று அதற்கு முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. அப்படியென்றால் மாத்திரையாகவே கொடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாமே என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஐந்து முதல் எட்டு வருஷம் வரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகியிருந்தது. மொத்த இறப்பும் 8 சதவீதம் கூடுதல்.

தற்செயலாக இருக்குமோ என்று பலருக்குச் சந்தேகம். அந்த நேரத்தில் அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், மரணம் 17 சதவீதமும் அதிகம்.

பின்லாந்து ஆய்வில் என்னை இன்றும் யோசிக்க வைக்கும் விஷயம் வேறொன்று. ஆய்வு தொடங்கும் முன்பே, வெறும் சாப்பாட்டிலிருந்து கரோட்டின் நிறையப் பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதாவது உணவில் வந்தபோது நன்மையோடு சேர்ந்து வந்தது, மாத்திரையில் வந்தபோது கேட்டைக் கொண்டுவந்தது. மாத்திரை விழுங்கியவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அளவு முன்பிருந்ததைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. கேரட் தின்று யாரும் அந்த அளவைத் தொடுவது கடினம். அவ்வளவு கரோட்டின் புகை நிறைந்த நுரையீரலுக்குள் போகும்போது, அதுவே ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்ட பொருள்களாக உடைகிறது. அவை செல்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வைட்டமின் ஏ-வின் வேலையைக் குலைக்கின்றன என்று, ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்குகளைப் புகையில் வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. காவலுக்கு அளவுக்கு மீறி ஆள் அனுப்பினோம், அவர்களே எதிரிப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

சுவீடனில் 2014-இல் எலிகளிடம் செய்த ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. வைட்டமின் ஈ-யும், என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டும் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்), ஏற்கெனவே நுரையீரலில் முளைவிட்டிருந்த கட்டிகளை வேகமாக வளரவிட்டன. ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து நல்ல செல்லைக் காப்பாற்றும் பொருள், புற்றுநோய்ச் செல்லையும் காப்பாற்றிவிடுகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் முப்பது வருஷம் பீடி பிடித்த ஒருவருடைய நுரையீரலில் இன்னும் கண்ணுக்குத் தெரியாத கட்டி இல்லை என்று யார் உறுதி தர முடியும்?

புரோக்கோலியில் இருக்கும் சல்ஃபோராஃபேன் என்ற பொருளையும் மாத்திரையாக்கி 89 சிஓபிடி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் ஒரு பலனும் தெரியவில்லை.

கண் டாக்டர் விழித்திரைக்கு எழுதித் தரும் சத்து மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் இதைக் கவனியுங்கள். 2013-இல் வந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு, அந்த மாத்திரைகளில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற வேறு இரண்டு நிறமிகளைச் சேர்ப்பதே புகைப்பவர்களுக்கும் புகையை விட்டவர்களுக்கும் ஏற்றது என்று ஆயிற்று. உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றும் "மூன்றே நாளில் நுரையீரலைச் சுத்தமாக்கும் கஷாயம்". இஞ்சி, மஞ்சள், மிளகு, தேன். குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், தாராளமாகக் குடியுங்கள். ஆடாதோடையையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸினையே உருவாக்கினார்கள். ஆனால் சளி இளகுவது வேறு, இடிந்த சுவர் எழும்புவது வேறு. நுரையீரலைச் சுத்தம் செய்ய உடம்பிலேயே ஆள் இருக்கிறது. மூச்சுக்குழாயில் அலை அலையாக அசைந்து அழுக்கை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள். புகை அவற்றை முடக்கி வைத்திருக்கும். பீடியை நிறுத்தினால் அவை மெல்ல எழுந்து வேலையைத் தொடங்கும். அதனால் சிலருக்கு முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடும். "பீடியை விட்டதும்தான் இருமல் வந்தது" என்று திரும்பப் பற்ற வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இருமலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சளியில் இரத்தம் கண்டால் மட்டும் உடனே ஓடி வாருங்கள்.

அண்ணாச்சியை ஊதும் டெஸ்டுக்கு உட்கார வைத்தேன். மூக்கில் கிளிப் மாட்டி, "மூச்சை முழுசா இழுங்க, ஒரே ஊதா ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று தொழில்நுட்பர் தம்பி சத்தம் போட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. முதல் ஒரு நொடியில் வெளியே வந்த காற்று 1.4 லிட்டர். அவர் உயரத்துக்கும் வயதுக்கும் இரண்டரை லிட்டர் பக்கம் வர வேண்டும்.

இப்போது அந்த 80 மில்லிக்கு வருகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை அடைப்பு உள்ள கிட்டத்தட்ட ஆறாயிரம் புகைப்பவர்களைப் பதினொரு வருஷம் தொடர்ந்து அளந்தார்கள். தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு இந்த முதல் நொடிக் காற்று வருஷத்துக்கு 66 மில்லி தேய்ந்தது. விட்டவர்களுக்கு 30 மில்லி. வருஷத்துக்கு 36 மில்லி மிச்சம், பத்து வருஷத்தில் 360 மில்லி. வெவ்வேறு ஆய்வுகளை நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதுதான். ஆனால் அண்ணாச்சிக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. அதுவும் பழத்தின் 80 மில்லி, புகையை விட்டவர்களிடம் கண்டது. துண்டுச் சீட்டில் இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீடி சின்னதுதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்ல" என்ற பேச்சையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2016-17 கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி, 4 சதவீதம் பேர் சிகரெட். ஒரு பீடியில் கால் கிராம் அளவுதான் புகையிலை. ஆனால் பீடி இலை காற்று விடாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடியும் அழுத்தமாகவும் இழுக்கிறார்கள். நுரையீரலுக்குப் போவது குறைவதில்லை.

கேப்சூலை அன்றோடு நிறுத்தச் சொன்னேன். நெல்லிக்காயும் கேரட்டும் தொடரட்டும், ஜூஸ் வேண்டாம், மென்று சாப்பிடுங்கள் என்றேன். கொய்யா, முருங்கைக்கீரை, தக்காளி ரசம் என்று சமையலில் எது வருமோ அதுவே போதும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டால் இன்னும் திணறும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. நிக்கோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தேன். 1800-11-2356 என்ற இலவச அரசு எண்ணை மனைவியின் போனில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சீட்டில் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரையும் இருந்தது. இது முக்கியம். புகை இந்த மருந்தைக் கல்லீரலில் வேகமாக எரிக்க வைக்கும். புகையை நிறுத்தினால் அதே டோஸ் இரத்தத்தில் கூடிவிடும். படபடப்பு, கைநடுக்கம், குமட்டல் வரலாம். ஆகவே நிறுத்தும் நாளை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைச் சரிசெய்வார்.

மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன்மார், தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கேட்டு வருகிறவரிடம், டப்பாவை எடுக்கும் முன் "பீடி, சிகரெட் உண்டா? முன்னே பிடிச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் பீட்டா கரோட்டின் இருக்கும் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

அண்ணாச்சி இந்தப் பீடியை இரண்டு முறை விட்டு, இரண்டு முறை திரும்பப் பிடித்தார். மூன்றாவது முறை மாசி மாதம் விட்டது, இன்றுவரை தொடவில்லை. போன வாரம் மறுபடி ஊத வைத்தேன். 1.38 லிட்டர்.

"கூடலியே டாக்டரம்மா" என்றார். முகம் வாடியிருந்தது.

"கூடாது அண்ணாச்சி. மாடி ஏறினா எப்படி இருக்கு?"

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "முன்னே நடுப்படில உக்காந்துருவாக. இப்ப மேல போயிட்டுத்தான் உக்காருதாக."