ஜன்னல் பட்டையின் மூலை ஏன் வாய் பிளக்கிறது?

மர நிலையும் சுவர்ப்பூச்சும் சந்திக்கும் இடத்தில் விழும் கோணல்மாணலான விரிசலை மறைக்கவே ஜன்னலைச் சுற்றி அலங்காரப் பட்டை அடிக்கிறோம். தச்சர்கள் இதைப் பீடிங் என்பார்கள். மூலைகளில் பட்டைகளை 45 பாகையில் அறுத்துப் பொருத்துவது வழக்கம். அடித்த அன்று தாள்கூட நுழையாத அந்த இணைப்பு, சில மாதங்களில் திறந்துகொள்கிறது. பழி தச்சர்மீது விழுகிறது. பல வேளைகளில் அது நியாயமில்லை.

மரச் செல்லின் சுவரில் உள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே கிடக்கின்றன. காற்றிலுள்ள ஈரம் இவற்றின் இடையே புகுந்து ஒன்றையொன்று விலக்குவதால், மரம் அகலத்தில் பருக்கிறதே தவிர நீளத்தில் ஏறக்குறைய மாறுவதில்லை. பச்சைத் தேக்கு முழுதும் உலரும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்கும். மற்ற பல மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. தேக்குக்கு இருக்கும் மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

அகலம் குறைந்து நீளம் அப்படியே இருந்தால், 45 பாகையில் அறுத்த முனை 45 பாகையில் நிற்காது. இரு துண்டுகளின் கோணங்களும் சேர்ந்து 90 பாகையை எட்டாததால், வெளிமுனை ஒட்டியே இருக்க, ஜன்னல் பக்கமுள்ள உள்முனை பிளக்கிறது. 75 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பட்டையின் ஈரம் 6 விழுக்காடு இறங்கினால், அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கி, உள்முனையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி விழக்கூடும். ஈரம் ஏறினால் எல்லாம் தலைகீழ்: உள்முனை இறுகி, வெளிமுனை திறக்கும். ஆகவே எந்த முனை பிளந்திருக்கிறது என்று பார்த்தாலே, மழைக்காலத்தில் அடித்த பட்டையா, கத்திரி வெயிலில் அடித்ததா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

மரத்தை அறுக்கும் முன் சில நாள்கள் அதே அறையில் கிடத்தி வைப்பதும், சுவரை ஒட்டும் பின்புறத்துக்கும் வார்னிஷ் அடிப்பதும் இந்த அசைவை மட்டுப்படுத்தும். பின்புறத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதிய பூச்சின் ஈரம் அந்தப் பக்கமாக ஏறினால், பின்புறம் மட்டும் பருத்து, பட்டையின் ஓரங்கள் சுவரிலிருந்து எழும்பிவிடும்.

என்னைக் கேட்டால், மூலையைச் சாய்த்து அறுக்கவே வேண்டாம். இரு பக்கப் பட்டைகளின் தலையில் மேல்பட்டையை நேராக உட்கார வைத்து, அதன் முனைகளைச் சற்று வெளியே நீட்டிவிட்டால், பக்கப் பட்டை சுருங்கினாலும் இணைப்பில் கோணம் மாறாது. நீட்டிய முனையின் நீளம் மட்டுமே ஓர் இழை கூடும்.

பி.வி.சி. பட்டைக்கு ஈரத்தால் தொல்லை இல்லை. ஆனால் அது வெப்பத்தில் நீளவாக்கில் விரியும்: 1.2 மீட்டர்ப் பட்டை 20 பாகை செல்சியஸ் கூடுதல் சூட்டில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீள்கிறது. நண்பகலில் இறுக்கமாக வெட்டிப் பொருத்திய பி.வி.சி. மூலை, விடியற்காலையில் திறந்து கிடப்பது இதனால்தான்.