ஜெட் ஸ்கீயைக் கழுவும்போது முதலில் எஞ்சினா, தண்ணீரா?

கடலில் ஓட்டிவிட்டு வந்த ஜெட் ஸ்கீயை, அதாவது தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டரை, வெளியே பளபளவென்று கழுவித் துடைத்துவிட்டு, உள்ளே எதுவும் செய்யாமல் மூடி வைப்பவர்கள் நிறைய. ஆனால் உண்மையான தொல்லை உள்ளே போன உப்புதான். அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளுகிறதே ஒரு பம்ப், அந்தத் தண்ணீரில் ஒரு பங்குதான் எஞ்சினுக்கும் எக்ஸாஸ்டுக்கும் போய் அவற்றைக் குளிர வைக்கிறது. சீ-டூ (Sea-Doo) போன்ற பிராண்டுகளில் எஞ்சினுக்கென்று தனியாக கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் சுற்றும், சரி, ஆனால் அங்கேயும் எக்ஸாஸ்டைக் குளிர்விப்பது வெளித்தண்ணீர்தான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சினின் பல பாகங்கள் அலுமினியம். அதைக் காப்பது மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்து, புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். காய்ந்துவிட்டால் நின்றுவிடும் என்றும் நம்ப முடியாது, ஏனென்றால் கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே மறுபடி நனைந்துகொள்ளும். அதனால்தான் நல்ல தண்ணீர் விட்டு அலசுவதை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

அலசும்போது வரிசை ரொம்ப முக்கியம். அலசுவதற்கென்று வண்டியில் இருக்கும் இணைப்பில் ஹோஸை மாட்டுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், உடனே குழாயைத் திறங்கள். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, அப்புறம்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும். குளிர்வித்த தண்ணீர் கடைசியில் எக்ஸாஸ்டுக்குள்தான் விழுகிறது. அதை வெளியே தள்ளுவது எஞ்சின் விடும் புகையின் அழுத்தம். எஞ்சின் ஓடாமல் குழாய் மட்டும் திறந்திருந்தால் தள்ள ஆளில்லை, தண்ணீர் தேங்கி ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள்ளேயே போய்விடலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்கும், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் என்ற தண்டு வளையும். ஒரு குழாயைத் தப்பான நேரத்தில் திறந்ததற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டியதாகிவிடும்!

குழாயை மூடியபின் ஓரிரு முறை லேசாக முடுக்கினால் மிச்சத் தண்ணீரும் வெளியேறும், ஆனால் சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். தண்ணீரில்லாத எக்ஸாஸ்டின் சூடு ரப்பர் குழாய்களைக் கருக்கிவிடும். பல மாடல்களில் பம்பைச் சுழற்றும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்புக்கு (டிரைவ் ஷாஃப்ட் சீல்) இந்த ஹோஸ் தண்ணீர் எட்டாது, அது சூடாகிவிடும் என்பதால், குழாய் திறந்திருந்தாலும் கையேட்டில் சொன்ன நேரத்தைத் தாண்டி ஓட்டாதீர்கள். பம்ப் பக்கம் கை போகவே கூடாது.

ஏரியில் மட்டும் ஓட்டுபவர்களும் அலசத்தான் வேண்டும், மணலும் பாசியும் குளிர்விக்கும் தண்ணீர் போகும் குறுகிய வழிகளை அடைக்கும். அப்புறம் பின்பக்கத் திருகுமூடிகளைக் கழற்றி வடியவிட்டு, சீட்டைத் திறந்து உள்ளே நன்றாக உலர விடுங்கள். மறுபடி தண்ணீரில் இறக்கும் முன் அந்த மூடிகளைத் திரும்ப மாட்டியாயிற்றா என்று கையால் தொட்டே பாருங்கள்.