ஸ்விஃப்ட்போட்டிங்: ஒரு படகு வசைச்சொல் ஆன கதை

2024 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற கமலா ஹாரிஸ் தன் துணை அதிபர் வேட்பாளராக டிம் வால்ஸைத் தேர்ந்தெடுத்தார். மறுநாளே எதிரணியான குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஜே. டி. வான்ஸ், வால்ஸ் நேஷனல் கார்டு என்ற துணை ராணுவப் படையில் இருந்த 24 ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டார். தன் பிரிவு ஈராக்குக்குப் போகும் நேரத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டு நழுவியவர் என்று பேச ஆரம்பித்தார். லிபரல் பக்கத்திலிருந்து உடனே வந்த பதில்: "இது ஸ்விஃப்ட்போட்டிங்." சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ஏதோ விரைவுப் படகு என்றுதான் வரும். ராணுவத்தில் இருந்தவரை இகழ்வதற்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?

படகு நிஜப் படகுதான். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போன படகின் அமைப்பை எடுத்து, அமெரிக்கக் கடற்படை வியட்நாம் போருக்காகக் கட்டிக்கொண்டது. 50 அடி நீளம், அலுமினிய உடம்பு. முதலில் கரையோரம் காவல் காத்தது, 1968இன் கடைசியில் மேகாங் கழிமுகத்து ஆறுகளுக்குள் அனுப்பப்பட்டது. இரு கரையிலும் புதர், எங்கிருந்து சுடுவார்கள் என்று தெரியாது. அந்த நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் ஜான் கெரி. அவர் ஸ்விஃப்ட் படகில் இருந்தது நாலு மாதம்தான், ஆனால் வீரத்துக்காக ஒரு சில்வர் ஸ்டார், ஒரு ப்ரோன்ஸ் (வெண்கல) ஸ்டார், காயம்பட்டதற்காக மூன்று பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்களோடு திரும்பினார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1971 ஏப்ரலில் செனட் குழு முன்னால் உட்கார்ந்து அந்தப் போரே தவறு என்றார், அங்கே அமெரிக்கப் படைகள் செய்த கொடுமைகளையும் சொன்னார். கூடப் போரிட்ட பலருக்கு அது ஆறாத கோபம்.

அந்தக் கோபம் 33 வருஷம் காத்திருந்தது. 2004 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்து நின்ற கெரி, கட்சியின் பாஸ்டன் மாநாட்டு மேடையில் சல்யூட் அடித்து, பணிக்கு வந்திருக்கிறேன் என்று பேச்சைத் தொடங்கினார். ஈராக் போர் நடந்துகொண்டிருக்கிறது, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்றாலே கோழைகள் என்ற பிரச்சாரமும் ஓடுகிறது, அதை முறிக்கத்தான் இந்தப் போர்வீரர் வேஷம். வேஷம் என்றால் பொய் வேஷம் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒரு சட்டைப்பையில் போட்டுக்கொண்டது அவர் செய்த தப்பு. ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், உண்மைக்கான ஸ்விஃப்ட் படகு வீரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழு தொலைக்காட்சி விளம்பரத்தோடு வந்துவிட்டது. பதக்கம் வாங்கப் பொய் சொன்னார், காயமெல்லாம் வெறும் கீறல் என்றது. பெரிய தொகை கொடுத்தவர் பாப் பெரி என்ற டெக்சாஸ் கட்டுமான முதலாளி. முதல் விளம்பரத்துக்கு வாங்கிய ஒளிபரப்பு நேரம் மூன்றே மாநிலங்களில்தான், மீதி நாடு முழுக்க அதைச் செய்தி சேனல்கள் இலவசமாகவே திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டின.

கெரியின் படகில் அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களில் ஒரே ஒருவர்தான் எதிர்ப்பக்கம் நின்றார். கெரி ஆற்றிலிருந்து இழுத்துக் காப்பாற்றிய ஜிம் ராஸ்மன் குடியரசுக் கட்சிக்காரராக இருந்தும் கெரிக்காக மேடை ஏறினார். புஷ் கட்சியிலேயே இருந்த ஜான் மெக்கெய்ன் அந்த விளம்பரம் நேர்மையற்றது என்று கண்டித்தார். பதக்கங்கள் முறைப்படிதான் வழங்கப்பட்டன என்று கடற்படையும் செப்டம்பரில் பார்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, நியூயார்க்கில் நடந்த புஷ் கட்சி மாநாட்டில் சிலர் பர்ப்பிள் ஹார்ட் படம் போட்ட பிளாஸ்திரியை முகத்தில் ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள். கெரி சூடாகப் பதில் சொல்லவே இரண்டு வாரம் ஆனது. இன்னொன்று, அந்த ஆகஸ்டில்தான் நஜஃப் நகரில் அமெரிக்கப் படைகள் கடும் சண்டையில் இருந்தன, செப்டம்பர் முதல் வாரம் ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர் எண்ணிக்கை 1,000ஐத் தாண்டியது. நடக்கிற போரை விட்டுவிட்டு 35 வருஷத்துக்கு முந்தைய ஆற்றுச் சண்டையை ஒரு தேசமே விசாரித்துக்கொண்டிருந்தது. போரை ஆரம்பித்தவரை நோக்கி வந்திருக்க வேண்டிய கேள்வி போர் பார்த்தவரை நோக்கித் திரும்பியது என்று அன்றைய லிபரல் எழுத்தாளர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

சொல்லின் பொருள் இங்கேதான் பிறக்கிறது. எதிராளியின் பலவீனத்தைத் தாக்குவது எல்லாரும் செய்வது. இங்கே அவருடைய பலத்தையே பிடித்து, தியாகம் என்று அவர் காட்டுவதையே களங்கம் என்று திருப்புகிறார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் லிபரல் பக்கத்தார்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் குழுவின் ஆதரவாளர்களைக் கேட்டால் நாங்கள் உண்மையைத்தான் சொன்னோம் என்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? விரைபடகாக்கல் என்றெல்லாம் எழுதினால் யாருக்கும் புரியாது. சேறு பூசுதல் பொதுவான சொல், யார்மேல் எதைப் பூசினாலும் பொருந்தும். அவதூறும் அப்படித்தான். ஆனால் நம்மிடம் இதற்கென்றே செய்துவைத்தது போல ஒரு சோடிச் சொல் இருக்கிறது: விழுப்புண், புறப்புண். முகத்திலோ மார்பிலோ படுவது விழுப்புண், அது படாத நாளெல்லாம் வீணான நாள் என்று வீரன் எண்ணுவதாகக் குறள் (776) சொல்கிறது. முதுகில் படுவது புறப்புண், ஓடியவன் என்பதற்குச் சாட்சி. கரிகாலனோடு வெண்ணியில் பொருத சேரன், மார்பில் பட்ட வேல் முதுகுவரை ஊடுருவிப் புண்ணாக்கியதற்கே நாணி வடக்கிருந்தான். கெரிக்கு நடந்தது இதன் தலைகீழ். அவர் விழுப்புண் என்று காட்டியதை, அது புறப்புண் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அதனால் என் பரிந்துரை புறப்புண் சாட்டுதல். குற்றம் சாட்டுதல் மாதிரியே வினையாக ஓடும். "வால்ஸுக்கும் புறப்புண் சாட்டப் பார்த்தார்கள்" என்று எழுதினால் உறுத்தவில்லை. (2004இல் அந்தப் படகுக் குழுவுக்கு ஆலோசகராக இருந்த கிறிஸ் லாசிவிடாதான் 2024இல் டிரம்ப் பிரச்சாரத்தை நடத்திய இருவரில் ஒருவர் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.) போர்க்களம் பார்க்காத ஒருவரின் படிப்பையோ தொண்டையோ இப்படித் திருப்பினால் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும், ஆங்கிலத்திலும் படகு ஏறாதவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. தாங்கள் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய படகின் பெயர் வசைச்சொல் ஆகிவிட்டதே என்று, எந்தக் கட்சியும் சாராத பழைய படகு வீரர்கள் பலர் வருத்தப்பட்டதுண்டு. தமிழ்ச் சொல்லில் அந்தப் படகு வராது.